நீள்கழுத்தனின் படுகளம்

நாகபூஷணம் சார் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைத்து அவிழ்த்தபோது கிளாஸில் இருந்த இருபத்திரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். வெள்ளையாக, கனமாக, நடுவில் ஓட்டையோடு ஒரு சாமான். எங்கோ ஒரு மியூசியத்தில் இருக்கிற எலும்புக்கு எடுத்த சுண்ணாம்பு அச்சு என்று பிற்பாடு சொன்னார். அப்போது சொல்லவில்லை. "இது ஏமிடி? சொல்லுங்க பார்க்கலாம்" என்று மட்டும் கேட்டார்.

நான் முதல் பெஞ்சு. "உரல் சார்" என்றேன்.

கிளாஸ் சிரித்தது. நான் விகடத்துக்குச் சொல்லவில்லை. எனக்கு அது உரலாகத்தான் தெரிந்தது.

முனிகிருஷ்ணன் எழுந்து வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டான், ஒரு சுற்றுச் சுற்றினான், மோந்துகூடப் பார்த்தான். "கழுத்து எலும்பு சார். இந்த ஓட்டையிலதான் நரம்பு போவும். ஒரு துண்டே இம்மாம் பெரிசுன்னா கழுத்து ரொம்ப நீளமா இருந்திருக்கும்" என்றான்.

நாகபூஷணம் சாருக்கு ஜியாலஜி நடத்த ஆரம்பித்த பன்னிரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் முகம் மலர்ந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பீரியட் முடிகிறவரைக்கும் அச்சு முனிகிருஷ்ணனின் பெஞ்சில், அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சார் அந்த மிருகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். அறுபத்தைந்து அடி நீளம். யானைக்கால் மாதிரி நாலு கால். இலை தழைதான் ஆகாரம். மற்ற மிருகமெல்லாம் ஒரு வாய் தீனிக்கு ஓடித் துரத்திக் கடித்துக்கொண்டு கிடக்க, இது நின்ற இடத்தில் நின்றபடியே கழுத்தை மட்டும் நீட்டி மரத்து உச்சிக் கொழுந்தைத் தின்னுமாம்.

நான் முனிகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அந்த மிருகத்தையும் பிடிக்காமல் போயிற்று.

நானும் அவனும் ஒரே அறை. திருப்பதியில் கோவிந்தராஜசாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடியில் இரண்டு பாய், ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். நான் நகரி. என் நைனா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். அவன் சத்தியவேட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். இரண்டு பேரும் வீட்டில் தமிழ், காலேஜில் தெலுங்கு, பரீட்சையில் இங்கிலீஷ். இதுவரைக்கும் சமம். இதற்குமேல் எல்லாம் அவனுக்கு அதிகம். அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவனுக்குச் சளி பிடிக்காது. அவன் வீட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் வரும், அதில் பாதியை எனக்கு ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவான். பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. ஒரு நாளாவது அவன் முழுசாகத் தின்றிருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும்.

அந்த வருஷம் எல்லைத் தகராறு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று டீக்கடை டீக்கடையாகப் பேச்சு. முனிகிருஷ்ணனின் கிராமம் பட்டியலில் இருந்தது. இரண்டு ராஜ்யங்கள் அவன் நைனாவின் நாலு ஏக்கரை இப்படி இழுக்கிறதா, அப்படி இழுக்கிறதா என்று காகிதம் போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் தறிக்குழியை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் சார் ஒரு விஷயம் சொன்னார். வடக்கே கோதாவரிப் பக்கம் பழைய எலும்பு தேடும் கூடாரம் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன் ஆபீஸர் மார்ச் மாதம் எங்கள் காலேஜ் எக்ஸிபிஷனைப் பார்க்க வருகிறார். மே மாதத்திலிருந்து மூன்று மாதம் கூடாரத்தில் வேலை செய்ய ஒரே ஒரு மாணவனை எடுத்துக்கொள்வார். யாரை அனுப்புவது என்பதை எக்ஸிபிஷனைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது. எக்ஸிபிஷனில் நம் டிபார்ட்மென்ட் முழு அளவில் ஒரு நீள்கழுத்து டைனோசார் செய்து வைக்கப்போகிறது. பொறுப்பு முனிகிருஷ்ணனுக்கு.

"எத்திராஜ், நீ அவனுக்குக் கூட இரு" என்றார் சார்.

கூட இரு. அந்த இரண்டு சொல்லை நான் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன்.

கூடாரத்துக்குப் போக எனக்கும் ஆசைதான், பொய்யில்லை. பூமிக்குள்ளிருந்து ஒரு எலும்பைக் கையால் எடுக்க வேண்டும் என்று ராத்திரியில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆசையைத் தராசில் ஒரு தட்டிலும், முனிகிருஷ்ணன் போகக் கூடாது என்கிற ஆசையை மறு தட்டிலும் வைத்தால், முதல் தட்டு மேலே போய் விட்டத்தில் இடிக்கும்.

முனிகிருஷ்ணன் கிராஃப் தாளில் படம் போட்டான். டைனோசார் நாலு காலில் நிற்கிறது. உள்ளே மூங்கில் சட்டம், மேலே வைக்கோல், அதற்குமேல் மண் பூச்சு. கழுத்து மட்டும் காலேஜ் மாடிக்கு எட்டுகிறது. எந்த மூங்கிலை எங்கே கட்ட வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தான். நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டியிருந்ததால் சொன்னேன்.

எக்ஸிபிஷன் சனிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தந்தி வந்தது.

"டேய் எத்திராசு, ஊர்ல அளக்க வந்துகீறாங்களாம். நைனாவுக்குக் கையெழுத்துப் போட்டாத் தெரியும், படிக்கத் தெரியாது. நா போயித்தான் ஆவணும். ஒனக்குத் தெரிஞ்ச மண்ணு வேலக்காரரு யார்னா கீறாங்களா?"

"கீறாரு. தணிகாசலம்னு எங்க ஊர்ப் பக்கம். ஒரே நாள்ல அறுவது அடி ஆளயே செஞ்சிடுவாரு."

"அறுவது அடியா? அப்ப சரி. இந்தப் படத்த அவராண்ட குடுத்துடு. எல்லாம் இதுலயே போட்டுகீறேன். வெள்ளிக்கெழம சாய்ந்தரம் வந்துடறேன். நீ கீற, எனக்கு இன்னா கவல."

படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். படத்தை என் பாடப் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்து மூடினேன்.

தணிகாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தர்மராஜா கோயில் திருவிழா நடந்தால் கடைசி நாள் படுகளத்துக்கு அவர்தான். கோயிலுக்கு எதிரே மைதானத்தில் மண்ணாலேயே பாரதக் கதையின் கெட்ட ராஜாவைச் செய்வார். அறுபது அடி, எழுபது அடி, ஊர் வசதியைப் பொறுத்து. ராஜா மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். முறுக்கு மீசை, முழித்த கண். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு சட்டியைப் புதைத்து வைத்திருப்பார்கள். கூத்தில் வேஷம் கட்டியவர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தொடையில் போடுவார், சட்டி உடையும், ரத்தம் ஓடும். பெண்கள் முறத்தால் நாலு அடி அடிப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துப் போய் நெல்லுக் குதிரில் போட்டுக்கொள்வார்கள். முப்பது வருஷமாக இதுதான் தணிகாசலத்தின் வேலை. அவர் கையால் எழுந்து நின்ற உருவம் இதுவரைக்கும் ஒன்றுகூட இல்லை.

இது தெரிந்துதான் அவரைக் கூப்பிட்டேன். நான் செய்தது பெரிய சதி ஒன்றும் இல்லை. படத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் இரண்டு ஆட்களோடும் ஒரு கயிற்றோடும் வந்தார். ஏரியிலிருந்து வண்டி வண்டியாக மண் வந்து காலேஜுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. தணிகாசலம் மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் நடந்து பார்த்தார்.

"ஆளு யாருப்பா?"

"ஆளு இல்ல மாமா. பழைய காலத்து மிருகம். டைனோசார்னு பேரு. மொத்தம் அறுவத்தஞ்சி அடி. கழுத்து மட்டும் இருவத்தஞ்சி."

"கழுத்தே இருவத்தஞ்சியா? அவ்ளோ கழுத்த வெச்சிகினு இன்னா பண்ணிச்சி?"

"எல துன்னுச்சி."

"அப்பறம்?"

"அப்பறமும் எலதான்."

தணிகாசலம் மண்வெட்டிமேல் உட்கார்ந்தார். "யாராவது பொம்பளய சபைல இழுத்தாந்துச்சா?"

"இல்ல மாமா."

"சூதாட்டம், பங்காளித் தகராறு?"

"அந்தக் காலத்துல மனுசனே கெடையாது."

அவர் முகம் வாடிப்போயிற்று. "தப்பே பண்ணாதவன எப்பிடிப்பா படுக்க வெக்கிறது? முப்பது வருசத்துல நா அப்பிடிச் செஞ்சதேயில்ல."

படுக்க வைக்க வேண்டாம் மாமா, நிற்க வையுங்கள், இதோ படம் என்று சொல்லியிருக்கலாம். புத்தகம் என் அக்குளில்தான் இருந்தது.

"எல்லாமே செத்துப்போச்சி மாமா. ஒலகத்துல ஒண்ணுகூட மிஞ்சல" என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"அப்ப படுக்க வெச்சாத்தான் மரியாத" என்று எழுந்தார்.

நாலு கால் அவருக்குப் புதுசு. மல்லாத்தி வைத்தால் நாலும் வானத்தைப் பார்க்கும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தாமே தரையில் படுத்து, கையைக் காலை மடக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டு பார்த்தார். அவருடைய ஆட்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள். கடைசியில் ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று முடிவாயிற்று. வாலிலிருந்து ஆரம்பித்து மண்ணைக் குவித்துக்கொண்டே போனார்கள். வியாழக்கிழமை மத்தியானம் கழுத்துக்கு வந்தபோது ஒரு வேப்பமரம் குறுக்கே இருந்தது. தணிகாசலம் மரத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், கழுத்தைப் பின்பக்கமாக வளைத்து முதுகை நோக்கிக் கொண்டுபோனார். பார்க்க மகா கோரமாக இருந்தது. எனக்குத் திருப்தி.

"மொகத்துக்கு மீச வெக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வெச்சிடுங்க மாமா" என்றேன்.

தொடையில் சட்டி வைக்கட்டுமா என்று அவர் கேட்கவேயில்லை. அது கேட்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அவர் பாட்டுக்கு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முனிகிருஷ்ணன் பையோடு மைதானத்துக்கு வந்தான். அதே நேரத்தில் நாகபூஷணம் சாரும் வந்தார். எக்ஸிபிஷன் அனுமதிக்காக மூன்று நாளாகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் அலைந்துகொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஏமிரா இதி?" என்றார். அப்புறம் சுற்றி வந்தார். "நிக்கணும்னு படம் போட்டியே. இது செத்த பாம்பு மாதிரிக் கிடக்கு. மீசை வேற. நாளைக்கு ஆபீஸர் வர்றாரய்யா. யார் சொன்னது இதைப் படுக்க வைக்கச் சொல்லி?"

முனிகிருஷ்ணன் உருவத்தைப் பார்த்தான். வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தணிகாசலத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

"நான்தான் சார் படுக்க வெக்கச் சொன்னேன்" என்றான்.

"மீசை?"

"மீசை தவறிப்போய் வந்துட்டுது சார். எடுத்துடறோம்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும். எனக்குத் தெரியாது" என்று சார் போய்விட்டார்.

முனிகிருஷ்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைமேல் ஏறி மீசையை இரண்டு பக்கமும் பெயர்த்தெடுத்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மடையன் என்று நினைத்தேன். இரண்டு வருஷத்தில் அவனைப் பற்றி மனசார நினைத்த முதல் நல்ல வார்த்தை அது. அன்றைக்கு எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிவரைக்கும் எல்லாம் என் எதிர்பார்ப்புப்படிதான் நடந்தது. இரண்டு புரொபஸர்கள் வந்து பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கெமிஸ்ட்ரி பக்கம் போய்விட்டார்கள். அப்புறம்தான் நகரியிலிருந்து மலைக்கு வந்த ஒரு கூட்டம் வழி கேட்டுக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தது. முன்னால் வந்தவள் செங்கம்மா, எங்கள் தெருவில் தறிக்குப் பாவு போடுகிறவள். படுத்திருந்த உருவத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மஞ்சப் பையைக் கீழே வைத்தாள், உருவத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி மணிக்கி அடிப்பாங்க?" என்று முனிகிருஷ்ணனைக் கேட்டாள்.

"இவன அடிக்கிறதில்லக்கா. இவன் நல்லவன்."

"நல்லவனா? பின்ன ஏன் இப்பிடிப் போட்டு வெச்சிகீறீங்க?"

"வாங்க, சொல்றேன்."

அவன் வால் நுனியில் ஆரம்பித்தான். நடந்துகொண்டே சொன்னான், அவளும் கூட்டமும் கூடவே நடந்தார்கள். பதினைந்து கோடி வருஷத்துக்கு முந்தி என்றான். கோடி என்றதும் எல்லோரும் மலைப்பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வயிற்றுக்கு வந்தபோது இது ஒரு நாளைக்குத் தின்கிற தழையை ஏற்ற எத்தனை வண்டி வேண்டும் என்று கணக்குக் காட்டினான். கழுத்துக்கு வந்தபோது ஆளுக்கு ஆள் அடி வைத்து அளந்தார்கள். நின்றுகொண்டிருந்தால் இவர்கள் காலைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். படுத்திருந்ததால் முகத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேச முடிந்தது.

"பாவம், எல துன்னுகினு இருந்ததப் போயி" என்றாள் செங்கம்மா. யாரோ செய்த அநியாயம் மாதிரிச் சொன்னாள். வால் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். தொடைப் பக்கம் ஒருத்தி அழுத்தித் தோண்டியதில் சட்டி உடைந்து சிவப்புத் தண்ணீர் ஓடியது. முனிகிருஷ்ணன் ஒரு கணம் திகைத்தான். "இதுக்கும் ரத்தம் செவப்புத்தான்" என்று சொல்லிவிட்டு மேலே போனான். கூட்டம் அதை ஒப்புக்கொண்டது.

பதினோரு மணிக்கு மைதானம் கொள்ளவில்லை. கெமிஸ்ட்ரிக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு இங்கே வந்து நின்றார்கள். நான் எழுதிய விளக்கப் பலகைக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றிருந்தேன்.

ஆபீஸர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர், பெரிய தொப்பி. வாலிலிருந்து நடந்தார். கழுத்து வளைகிற இடத்தில் நின்றார். குனிந்து பார்த்தார். நாகபூஷணம் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இருபது வருஷமாக எலும்பு தோண்டுகிறேன்" என்றார் ஆபீஸர். நல்ல மதராஸ் தமிழ். "எந்த மியூசியத்துக்குப் போனாலும் நிற்க வைத்துத்தான் காட்டுகிறார்கள். நான் தோண்டியதில் ஒன்றுகூட நின்றுகொண்டிருந்ததில்லை. ஒருக்களித்து விழுந்து கிடக்கும். கழுத்து இப்படித்தான் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கும். படிக்கிற பையன்களுக்கு இது எப்படித் தோன்றியது? யார் சொன்னது, படுக்க வைக்கலாம் என்று?"

"முனிகிருஷ்ணன் சார்" என்றார் நாகபூஷணம் சார். மூச்சு விடாமல் சொன்னார். "நானே ஒத்துக்கலை. பிடிவாதமாக நின்று செய்தான்."

ஆபீஸர் முனிகிருஷ்ணனின் தோளில் கை வைத்தார்.

எனக்குள் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். அவன் படித்து வாங்கிய மார்க்கை அவன் வாங்கிக்கொள்ளட்டும். அவன் நிலத்துக்கு இரண்டு ராஜ்யம் சண்டை போடட்டும். ஆனால் இது நான் பண்ணிய துரோகம். நான் யோசித்து, ஆள் தேடி, மூன்று நாள் மூச்சுக் காட்டாமல் பண்ணியது. இதையும் அவன் பேரில் எழுதுகிறார்கள்.

"சார், படுக்க வைத்தது நான்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவன் நிக்க வெக்கத்தான் படம் போட்டான். நான் படத்தை ஒளிச்சிட்டேன். தணிகாசலத்துக்குப் படுக்க வெச்சிதான் செய்யத் தெரியும்னு தெரிஞ்சே கூட்டியாந்தேன். இவன் எல்லார் முன்னாலயும் அவமானப்படணும்னு." புத்தகத்தைத் திறந்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன். "மீசையும் நான்தான். கழுத்து வளைஞ்சது அந்த வேப்பமரத்தால."

ஆபீஸர் படத்தைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். அதன் கீழே இருந்த தணிகாசலத்திடம் போனார். "மரம் இருந்ததால்தான் கழுத்தை வளைத்தீர்களா ஐயா?"

"மரம் இல்லன்னா இன்னும் நல்லா வளச்சிருப்பேன்" என்றார் தணிகாசலம். "செத்தா கழுத்து அப்பிடித்தான சார் இழுத்துக்கும். மாடு செத்து நீங்க பாத்ததில்ல?"

ஆபீஸர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. "பையனை நீங்களே முடிவு பண்ணுங்கள், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்" என்று நாகபூஷணம் சாரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் வாலுக்குப் போனார்.

மூன்று மணிக்கு எங்கள் இருவரையும் சார் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒருத்தன் சிநேகத்துக்காகப் பொய் சொன்னான். ஒருத்தன் வயிற்றெரிச்சலில் நிஜத்தைச் சொன்னான். ரெண்டில் எதை அனுப்பறது? நான் படிச்ச புஸ்தகத்தில் இல்லை."

"எத்திராச அனுப்புங்க சார்" என்றான் முனிகிருஷ்ணன். "ஆபீஸருக்குப் பிடிச்சது படுத்திருந்ததுதான. அது அவன் செஞ்சது."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "நேத்து ஏண்டா ஒம்பேர்ல போட்டுகின?"

"நீ மாட்டிக்குவன்னுதான்."

"நா வேணும்னே செஞ்சேன்னு ஒனக்குத் தெரியாது."

"தெரியும்டா. அறுவது அடி ஆளு, ஒரே நாள்லன்னு நீ சொன்னப்பவே படுகளத்துக்காரருன்னு தெரிஞ்சிபோச்சி. எங்க ஊர்லயுந்தான் தர்மராஜா கோயிலு கீது. படத்தக் குடுத்துடுவன்னு நெனச்சேன். எம்மேல ஒனக்குப் பொறாமன்னும் தெரியும். ரெண்டு வருசமா எஞ்சோப்ப ஒளிச்சி வெக்கிறியே. நா இன்னா, காக்கா தூக்கினு போவுதுன்னா நெனப்பேன்?"

சார் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் சரி என்றிருந்தால் மே மாதம் கோதாவரிக்குப் போயிருப்பேன். மூன்று மாதம் எலும்பு தோண்டியிருப்பேன். நான் ஆசைப்பட்டது அப்படியே கையில் இருந்தது, ஆனால் அது அவன் கையில் இருந்தது. அவன் நீட்டினான். ஊறுகாயை ஒதுக்கி வைக்கிற மாதிரியே நீட்டினான்.

"வேணாம் சார். அவனே போவட்டும்" என்றேன்.

நாகபூஷணம் சார் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். கண் கலங்கியிருந்தது. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு உண்மைக்கு மேல் எனக்குத் தாங்காது.

எக்ஸிபிஷன் முடிந்ததும் மைதானத்தைச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு வந்தது. பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளில் பாதி டைனோசாரை ஜனங்கள் பிடி பிடியாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மே மாதம் முனிகிருஷ்ணன் போனான். ரேணிகுண்டாவரைக்கும் அவன் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். லீவிலும் நான் ஊருக்குப் போகவில்லை. நாகபூஷணம் சார் டிபார்ட்மென்டில் இருக்கிற கல்லுக்கெல்லாம் சீட்டு ஒட்டுகிற வேலை கொடுத்திருந்தார். வாரம் ஒரு கடிதம் வந்தது. அச்சு மாதிரிக் கையெழுத்து. வெயில் எத்தனை டிகிரி, எந்தப் பாறையில் என்ன நிறம், தொடை எலும்பு ஒன்று அவன் உயரத்துக்கு இருந்தது, அதைச் சுற்றிச் சாக்கும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டியது, எல்லாம் எழுதினான். ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்தேன். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

ஜூன் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது கடிதம் வந்தது.

"எத்திராஜுக்கு. கிட்டத்தட்ட முழு மிருகமும் கிடைத்துவிட்டது. கால், விலா, வால், கழுத்தில் பதினொரு துண்டு. தலை மட்டும் இல்லை. இந்த ஜாதிக்குத் தலை சின்னது, செத்ததும் முதலில் கழன்று தண்ணீரோடு போய்விடும் என்கிறார் ஆபீஸர். தேட இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். சாப்பாடும் இடமும் மட்டும் தருவார்களாம். நீ வர மாட்டாய் என்று தெரியும். பரவாயில்லை. நாளைக்கு மேற்கே ஒரு ஓடைப் பக்கம் நான் தனியாகத் தேடப் போகிறேன். அங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அகப்பட்டால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்."

தேதியைப் பார்த்தேன். கடிதம் எழுதி நாலு நாள் ஆகியிருந்தது. நாலு நாளாக அந்த ஓடையில் அவன் தனியாக, அந்தக் கண்ணோடு, அந்த விரலோடு.

நைனாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன், படிப்பு விஷயமாக வடக்கே போகிறேன் என்று. இரண்டு சட்டையைச் சுருட்டிக்கொண்டு ரேணிகுண்டாவுக்குப் பஸ் பிடித்தேன். போய்ச் சேர வியாழக்கிழமை ஆகும் என்றார்கள் ஸ்டேஷனில். பிளாட்பாரத்திலிருந்து மலை தெரிந்தது. வியாழக்கிழமைவரைக்கும் அந்தத் தலை யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும், திரும்பி வந்ததும் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு ரயிலேறினேன்.